செடிக்குத் தண்ணி ஊத்த எட்டாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் எதுக்கு ப்ரோ? - எந்த வேலைக்கு எந்த போர்டு?

இன்ஜினீயரிங் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்களில் ஒவ்வொரு செமஸ்டரும் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி இது: ``ப்ரோ, ஒரு புராஜெக்ட் பண்ணணும். ராஸ்பெர்ரி பை 5 வாங்கவா, இல்ல 4 போதுமா?" என்ன புராஜெக்ட் என்று கேட்டால் பாதி நேரம் பதில் இப்படி வரும்: ``மண் காஞ்சு போனா தானா மோட்டார் ஓடி செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

அதுக்கு 5-ம் வேண்டாம், 4-ம் வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு குட்டி போர்டு அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். பை 5, அதற்கான சார்ஜர், கூலர், மெமரி கார்டு எல்லாம் சேர்த்தால் பில் சுலபமாக எட்டாயிரத்தைத் தொடும். பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. அதனால் எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த ரகம் என்று முடிவு செய்துவிடலாம்.

பார்க்க ஒண்ணு, உள்ளே வேற

கடையில் எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். பச்சையோ நீலமோ ஒரு பலகை, உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ், ஓரத்தில் வரிசையாகப் பின்கள். ஆனால், இதில் ரெண்டு ரகம் இருக்கு.

முதல் ரகம், சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர். ராஸ்பெர்ரி பை, ஆரஞ்சு பை, பீகிள்போன், ஜெட்சன் எல்லாம் இந்தக் குடும்பம். பிராசஸர், ரேம், யூஎஸ்பி, டிஸ்ப்ளே போர்ட் எல்லாமே ஒரே பலகையில் இருக்கும். லினக்ஸ் ஓடும். மானிட்டரும் கீபோர்டும் மாட்டினால் பிரௌசர் திறந்து யூடியூபே பார்க்கலாம். நிஜமான கம்ப்யூட்டர், சைஸ்தான் சின்னது.

ரெண்டாவது ரகம், மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. ஆர்டுயினோ, இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பைக்கோ இதில் வரும். டெஸ்க்டாப், ஃபைல், ஃபோல்டர் எதுவும் கிடையாது. நீங்கள் எழுதி ஏற்றிய ஒரே ஒரு புரோகிராம், கரன்ட் வந்ததிலிருந்து போகும்வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-ல் இருக்கும் ரேம் எவ்வளவு தெரியுமா? 2 கேபி. ஜிபி இல்லை, எம்பி இல்லை, கேபி! இந்தக் கட்டுரையின் முதல் ரெண்டு பத்தியைப் போட்டாலே நிரம்பிவிடும். ஆனாலும் உலகம் முழுக்க ரோபோக்கள் இந்தச் சிப்பை வைத்து ஓடியிருக்கின்றன.

பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம். `ராஸ்பெர்ரி பை பைக்கோ' என்று சொல்லும்போது அது குட்டி ராஸ்பெர்ரி பை என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை. பைக்கோவில் லினக்ஸ் போட முடியாது, மானிட்டரைச் சொருக இடமே இருக்காது. ஒரே கம்பெனி தயாரிக்கும் ரெண்டு வேறு ரகங்கள், அவ்ளோதான்.

இந்த ரெண்டும் பிறந்த கதையைப் பார்த்தாலே எது எதற்கு என்று புரியும். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் ஒரு டிசைன் கல்லூரியில் பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்கள் விளக்கை எரியவிடவும் மோட்டாரைச் சுற்றவிடவும் சுலபமான ஒரு வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். பெயர்கூட அந்த ஊரில் இருந்த ஒரு பாருடையது. ராஸ்பெர்ரி பை கதை வேறு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக் கவலைப்பட்ட எபன் அப்டனும் அவர் நண்பர்களும், பிள்ளைகள் கையில் மலிவான ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் புரோகிராமிங் தானாக வரும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் போர்டு 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதாவது, ஒன்று கை கால்களை அசைக்கப் பிறந்தது. இன்னொன்று கோடிங் கற்றுக்கொடுக்கப் பிறந்தது.

செடிக்கே திரும்பி வருவோம்

மண் ஈரத்தை அளக்கும் சென்சார் `ஈரம்' அல்லது `காய்ந்தது' என்று ரெண்டே வார்த்தையில் பதில் சொல்லாது. ஈரத்துக்குத் தகுந்தபடி ஒரு வோல்டேஜைக் கொடுக்கும். இதுதான் அனலாக் சிக்னல். ராஸ்பெர்ரி பை 5 வரைக்கும் எந்த ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரின் பின்களிலும் அனலாக் இன்புட் கிடையாது. `ஆன், ஆஃப்' மட்டும்தான் அதற்குப் புரியும். எட்டாயிரம் கொடுத்து வாங்கிய போர்டோடு மண் சென்சாரை நேராக இணைக்க முடியாமல், எம்சிபி3008 மாதிரி இன்னொரு சிப்பைத் தேடி மறுபடி கடைக்கு ஓடணும். நானூறு ரூபாய் போர்டில் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. ஊனோவில் ஆறு அனலாக் பின்கள், பைக்கோவில் மூன்று.

சென்சாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெண்டு கால் மாதிரி உலோகம் வெளியே தெரியும் மலிவான மண் சென்சார், ஈர மண்ணில் கரன்ட் பாய்வதால் சில வாரங்களிலேயே அரித்துப்போகும். கருப்பாக, உலோகம் வெளியே தெரியாமல் இருக்கும் கெப்பாசிட்டிவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம்தான் கூட.

மாடித்தோட்டத்துக்கு அடுத்த கேள்வி, கரன்ட். பிளக் பாயின்ட் பக்கத்தில் இல்லை என்றால் பேட்டரிதான். ராஸ்பெர்ரி பை 4 சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 3 வாட் இழுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது கணக்குப்படி 37 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவது போகக் கையில் நிற்பது சுமார் 30. ஆக, பத்து மணி நேரத்தில் கதை முடிந்தது. தினமும் மாடிக்கு ஏறி பவர் பேங்க் மாற்றுவதற்கு, நீங்களே ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வந்துடலாம்.

இஎஸ்பி32 தூங்கத் தெரிந்த சிப். டீப் ஸ்லீப்பில் அந்தச் சிப் இழுப்பது 10 மைக்ரோஆம்ப் அளவுதான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, ஐந்து நொடி வைஃபையில் தகவல் அனுப்பிவிட்டு மறுபடி தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும்போது சராசரியாக 120 மில்லிஆம்ப் என்றால், ஒரு நாளைக்கு 16 எம்ஏஎச்தான் செலவு. 2,500 எம்ஏஎச் லித்தியம் செல் ஒன்றே ஐந்து மாதம் வரணும்.

வரணும். ஆனா, வராது. ஏன்னா நாம் வாங்குவது வெறும் சிப் இல்லை, போர்டு. அதில் எப்போதும் எரியும் ஒரு சிவப்பு விளக்கு, வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப் எல்லாம் இருக்கும். சிப் தூங்கினாலும் இதுங்க தூங்காது. போர்டு மொத்தமாக 5 மில்லிஆம்ப் தொடர்ந்து இழுத்தாலே ஒரு நாளைக்கு 120 எம்ஏஎச் கூடுதலாகப் போய்விடும். ஐந்து மாதக் கணக்கு பதினெட்டு நாளாகச் சுருங்கும். பேட்டரி புராஜெக்ட் என்றால், `டீப் ஸ்லீப்பில் போர்டு எவ்வளவு இழுக்கும்' என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண பவர் பேங்க்கும் இதற்குச் சரிவராது. இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைந்தால், போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்து அதுவே ஆஃப் ஆகிவிடும்.

மூன்றில் எது?

ரகம் முடிவாகிவிட்டது, மைக்ரோகன்ட்ரோலர்தான். சரி, ஊனோவா, இஎஸ்பி32-ஆ, பைக்கோவா?

என்னைக் கேட்டால், வைஃபை வேண்டும் என்ற எண்ணம் துளியாவது இருந்தால் யோசிக்காமல் இஎஸ்பி32. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த சிப். ரெண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம், 520 கேபி ரேம், வைஃபை, புளூடூத். நம்மூரில் ஐந்நூறு ரூபாய்க்குள் போர்டாகவே கிடைக்கிறது. விலைக்கும் வசதிக்கும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆர்டுயினோ மென்பொருளிலேயே இதற்கும் கோடு எழுதலாம். ரெண்டு குறை உண்டு. ஒன்று, இதன் அனலாக் பின்களின் அளவு கொஞ்சம் கோணல். செடிக்குப் போதும், துல்லியமான மீட்டர் செய்யப் போதாது. இன்னொன்று, வைஃபை ஓடும்போது அனலாக் பின்களில் ஒரு பகுதி வேலை செய்யாது. `சென்சார் நேத்து வேலை செஞ்சது, வைஃபை சேர்த்ததும் செத்துப்போச்சு' என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஏடிசி1 என்று குறித்திருக்கும் பின்களில் மாட்டினால் தீர்ந்தது.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 வயதானது, மெதுவானது, வைஃபை இல்லாதது. ஆனாலும் முதன்முதலாக வயர் பிடிப்பவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. அது 5 வோல்ட்டில் ஓடும் முரட்டுப் பிள்ளை. இஎஸ்பி32, பைக்கோ, ராஸ்பெர்ரி பை எல்லாமே 3.3 வோல்ட் பின்கள் கொண்டவை. தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரான எச்சி-எஸ்ஆர்04 பல புராஜெக்ட்களில் வரும். அது 5 வோல்ட்டில் பதில் அனுப்பும். ஊனோ அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் நேராகச் சொருகினால் பின் மட்டுமல்ல, பிராசஸரே போக வாய்ப்பு உண்டு. நடுவில் ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும். ரெசிஸ்டர் விலை ரெண்டு ரூபாய்கூட இருக்காது. போர்டு விலை உங்களுக்கே தெரியும்.

2023-ல் வந்த ஊனோ ஆர்4 வைஃபை நல்ல போர்டுதான், ஆனால் அதன் விலைக்குப் பல இஎஸ்பி32 வாங்கிடலாம். 2025 அக்டோபரில் ஆர்டுயினோவை வாங்கப்போவதாகக் குவால்காம் அறிவித்தபோது வெளியான ஊனோ கியூ, லினக்ஸ் ஓடும் பிராசஸரையும் மைக்ரோகன்ட்ரோலரையும் ஒரே பலகையில் வைத்திருக்கிறது. ஐடியா பிரமாதம். முதல் புராஜெக்ட்டுக்கு அவசியமில்லை.

பைக்கோ 2021-ல் 4 டாலருக்கு வந்தது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு இதுதான் சுகம். மைக்ரோபைத்தானை ஒருமுறை ஏற்றிவிட்டால் எழுதிய கோடு உடனே ஓடும், பொறுமையாகக் கம்பைல் ஆகக் காத்திருக்க வேண்டாம். வழிகாட்டிப் புத்தகங்களும் தெளிவு. வைஃபை வேண்டும் என்றால் `டபிள்யூ' போட்டிருக்கும் மாடலைப் பார்த்து வாங்கணும், சாதா பைக்கோவில் கிடையாது. பின்கள் பொருத்தாமலும் விற்பார்கள். சால்டரிங் தெரியாவிட்டால் `எச்' போட்ட மாடலைக் கேளுங்கள்.

230 வோல்ட்டில் விளையாட்டு வேண்டாம்

தொட்டிச் செடிக்கு 5 வோல்ட் குட்டி பம்ப் போதும், பயமில்லை. ஆனால் அடுத்த கட்டமாக எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: வீட்டு வாட்டர் டேங்க் மோட்டாரை போனிலிருந்தே ஆன் பண்ணணும். கடையில் கிடைக்கும் நீல நிற ரிலே மாட்யூலில் `10 ஆம்ப், 250 வோல்ட்' என்று அச்சடித்திருக்கும். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்ப்தானே என்று தைரியம் வரும். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலே உள்ளே பொறி பறந்து, தொடும் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஆஃப் பண்ணினாலும் மோட்டார் நிற்காது.

மோட்டாரை ஏற்றி இறக்கும் வேலை கான்டாக்டருடையது. அந்தக் கான்டாக்டரின் காயிலை மட்டும் உங்கள் ரிலே இயக்கட்டும். மெயின்ஸ் பக்கத்து வயரிங்கை எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் விட்டுவிடுங்கள். அவர் `இதெல்லாம் எதுக்குத் தம்பி, ஒரு சுவிட்ச் போட்டாப் போதாதா' என்று கேட்பார். கேட்கட்டும்.

அப்போ ராஸ்பெர்ரி பை எதுக்குத்தான்?

கேமரா, பெரிய ஸ்கிரீன், சர்வர், டேட்டாபேஸ், முகத்தை அடையாளம் காணுதல், பழைய வீடியோ கேம்ஸ். இதில் ஒன்று உங்கள் புராஜெக்ட்டில் இருந்தால் கம்ப்யூட்டர் வேணும். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போனுக்கும் சேர்த்து விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், வீட்டு ஃபேன் லைட்டையெல்லாம் ஒரே இடத்தில் ஆளும் ஹோம் அசிஸ்டன்ட், நின்டெண்டோ காலத்து கேம்களை டிவியில் ஓட்டும் ரெட்ரோபை எல்லாம் இந்தப் பக்கம். சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட மாணவர்கள் எழுதும் கோடை ஓட்டுவதற்காக ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறார்கள்.

இங்கேயும் பெரிசுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். பை-ஹோலுக்கு ஜீரோ 2 டபிள்யூ தாராளம். 2021-ல் 15 டாலருக்கு வந்த மாடல், நான்கு கோர், 512 எம்பி ரேம். கட்டை விரல் அகலமும் கொஞ்சமும்தான் இருக்கும். ஆனால் இதில் டெஸ்க்டாப் போட்டு குரோம் திறக்க முயன்றால், நாலு டேப் போவதற்குள் மூச்சு வாங்கும். ரேம்தான் அதன் எல்லை.

ராஸ்பெர்ரி பை 4, 2019-ல் வந்தது. ஹோம் அசிஸ்டன்ட், சின்ன சர்வர், ரோபோ எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் போதும். செகண்ட் ஹேண்டில் 4 ஜிபி மாடல் கிடைத்தால் விடாதீர்கள். ஆரம்பத்தில் வந்த பை 4 போர்டுகளில் ஒரு டிசைன் குறை இருந்தது. லேப்டாப்போடு வரும் சில விலை உயர்ந்த டைப்-சி கேபிளைச் சொருகினால் கரன்ட்டே ஏறாது. பழைய போர்டு வாங்கி `ஆன் ஆகல' என்று தூக்கிப் போடுவதற்கு முன், சாதா கேபிளில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

பை 5, 2023-ல் வந்தது. 4 ஜிபி 60 டாலர், 8 ஜிபி 80 டாலர் என்று ஆரம்பித்தது. வேகத்தில் பை 4-ஐவிட ரெண்டு மடங்குக்கு மேல், எஸ்எஸ்டி போட வசதி, கடைசியில் ஒரு பவர் பட்டன்! ஆனால், போன மாடல்களில் இருந்த 3.5 எம்எம் ஆடியோ ஜாக்கை எடுத்துவிட்டார்கள். 5 வோல்ட், 5 ஆம்ப் சார்ஜர் கேட்கும். வீட்டில் இருக்கும் போன் சார்ஜரில் போர்டு ஓடும், ஆனால் யூஎஸ்பி போர்ட்களுக்குப் போகும் கரன்ட்டை அதுவே குறைத்துவிடும். ஹார்டு டிஸ்க் மாட்டினால் திக்கித் திணறும். டெஸ்க்டாப் மாதிரி பயன்படுத்தப் போகிறீர்கள், அல்லது கேமராவில் ஏஐ வேலை இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள். ரேம் சிப்களின் விலை ஏறியதால் 2025 கடைசியிலிருந்து இந்த போர்டுகளின் விலையும் ஏறியிருக்கிறது. அதிக ரேம் மாடலுக்குத் தாவும் முன் நிஜமாகவே தேவையா என்று ரெண்டு முறை யோசிக்கலாம்.

இதே மாதிரி ஒரு தட்டுப்பாடு ஏற்கெனவே வந்திருக்கிறது. 2021-லிருந்து ரெண்டு வருஷம் உலகம் முழுக்க சிப் பஞ்சம். ராஸ்பெர்ரி பை எங்கேயும் ஸ்டாக் இல்லை, கிடைத்த இடத்தில் ரெண்டு மூன்று மடங்கு விலை. அப்போதுதான் பலர் ஆரஞ்சு பை, பனானா பை, ராடெக்சா பக்கம் திரும்பினார்கள்.

அந்த போர்டுகளின் காகிதக் கணக்கு கவர்ச்சியாகவே இருக்கும். ராக்சிப் ஆர்கே3588எஸ் சிப் போட்ட ஆரஞ்சு பை 5, எட்டு கோர் கொண்டது. பிரச்னை போர்டில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருளில். 2012-ல் வாங்கிய முதல் ராஸ்பெர்ரி பையில் இன்றைக்கு வரும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸையும் போடலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். மற்ற பல போர்டுகளுக்கு, கம்பெனி ஒருமுறை கொடுத்த ஓஎஸ்தான். அப்புறம் ஆர்ம்பியன் மாதிரி தன்னார்வலர்கள் கொடுப்பதை நம்பி இருக்கணும். ராத்திரி 11 மணிக்கு ஒரு எரர் வந்து கூகுளில் தேடினால், ராஸ்பெர்ரி பைக்கு நூறு பதில் கிடைக்கும். மற்றதுக்கு, பதிலே வராத உங்கள் கேள்வியையே இன்னொருவர் மூணு வருஷம் முன்னாடி கேட்டிருப்பார். லினக்ஸில் கை பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முதல் போர்டாக வேண்டாம்.

என்விடியாவின் ஜெட்சன், ஏஐ மட்டுமே குறி என்பவர்களுக்கு. 2024 டிசம்பரில் ஓரின் நானோ சூப்பர் 249 டாலருக்கு வந்தது. பழைய ஜெட்சன் நானோ செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அதற்கான அதிகாரபூர்வ மென்பொருள் உபுண்டு 18.04-லேயே நின்றுவிட்டது. இன்றைய ஏஐ லைப்ரரிகளை அதில் ஏற்றுவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். பீகிள்போன் பிளாக், நொடியின் மிகச் சின்னப் பங்கு பிசகக்கூடாத மோட்டார் வேலைகளுக்கு இன்றும் மதிப்புள்ள போர்டு. ஆனால் நம்மூரில் விலை அதிகம், கிடைப்பதும் குறைவு.

புராஜெக்ட்டைக் கொல்வது வேகம் இல்லை

யூடியூபில் எல்லா ஒப்பீட்டு வீடியோவும் வேகத்தைத்தான் அளக்கும். நிஜத்தில் போர்டுகள் சாவது மூன்று காரணத்தால்: மட்டமான சார்ஜர், மெமரி கார்டு, வெயில்.

ராஸ்பெர்ரி பைக்கு வரும் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் ஸ்கிரீன் மூலையில் ஒரு மின்னல் குறி வரும். பெரும்பாலானவர்கள் அதை ஏதோ சார்ஜ் ஏறும் குறி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது `எனக்குக் கரன்ட் பத்தல' என்ற அலறல். காரணம் தெரியாமல் ஹேங்க் ஆவது, வைஃபை அறுபடுவது, கேமரா காணாமல் போவது எல்லாவற்றுக்கும் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வரணும். சார்ஜர் மட்டுமல்ல, நீளமான மெல்லிய கேபிளும் வோல்டேஜைத் தின்னும்.

அடுத்து, நம்ம ஊர் பவர் கட். மைக்ரோகன்ட்ரோலருக்கு அது ஒரு பிரச்னையே இல்லை. கரன்ட் போனால் நிற்கும், வந்தால் ஒரு நொடியில் தன் வேலையைத் தொடங்கும். லினக்ஸ் போர்டு அப்படி இல்லை. மெமரி கார்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல்கள் சிதைந்து, மறுநாள் பூட்டே ஆகாது. டெமோ அன்றைக்குக் காலையில்தான் இது நடக்கும் என்பது எழுதப்படாத விதி. வழி இருக்கு. ராஸ்பெர்ரி பையின் செட்டிங்ஸில் `ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை கரன்ட் போனாலும் கவலையில்லை. தகவலைச் சேமிக்கத்தான் வேண்டும் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், இல்லை ரௌட்டருக்குப் போடும் மாதிரி ஒரு மினி யூபிஎஸ் பாருங்கள். எப்படியானாலும் வேலை முடிந்த நாளில் கார்டை அப்படியே காப்பி எடுத்து லேப்டாப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சித்திரை வெயில். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். ஏசி ரூமில் எடுத்த வீடியோவில் அது தெரியாது. மொட்டை மாடியில், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மே மாத மதியத்தில் வைத்துப் பாருங்கள். பை 5-க்குக் கூலர் வாங்குவது ஆடம்பரமில்லை. வெளியில் வைக்கும் எதற்கும் டப்பா வெள்ளை நிறமாக இருக்கட்டும், நேர் வெயில் படாத சுவர்ப் பக்கம் இருக்கட்டும், அடிப்பக்கம் காற்று போக ஓட்டை இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன்

ஆர்டுயினோவின் டிசைன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனால் மற்றவர்கள் அதே மாதிரி போர்டு செய்து விற்பது தப்பில்லை, ஆர்டுயினோ பெயரைப் போடுவதுதான் தப்பு. மலிவான குளோனில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். லேப்டாப்பில் போர்டு தெரியவில்லை என்றால் அதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். அப்படியும் தெரியவில்லையா, கேபிளை மாற்றுங்கள். இயர்பட்ஸோடு வரும் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது.

கோடு காப்பி அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பை 5-ல் பின்களை இயக்கும் வேலை ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டது. அதனால் பழைய வீடியோக்களில் வரும் `ஆர்பிஐ ஜிபிஐஓ' லைப்ரரி அதில் வேலை செய்யாது. `ஜிபிஐஓ ஜீரோ' லைப்ரரியில் எழுதிய வீடியோவாகத் தேடுங்கள், பழைய போர்டு புது போர்டு ரெண்டிலும் ஓடும்.

இந்தியாவில் செய்தது வேண்டும் என்றால், திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா பிராசஸர் கொண்ட ஏரிஸ் போர்டுகள் இருக்கின்றன. ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுதலாம். அது ரிஸ்க்-ஃபைவ் வகை. நம்ம சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸரும் இதே வகைதான். பாடத்துக்காகவோ, பிளேஸ்மென்ட்டில் பேசுவதற்காகவோ ஒன்று வாங்கிப் பழகுவது நல்லது. ஆனால் சந்தேகம் கேட்க ஆள் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வீட்டு சர்வர் மட்டும்தான் தேவை என்றால், பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை முதலில் இறக்கிப் பாருங்கள். ஸ்கிரீன் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் பை 4-ஐவிட வேகமாக இருக்கும், பேட்டரியில் உயிர் இருந்தால் அதுவே யூபிஎஸ். கரன்ட் கொஞ்சம் கூட இழுக்கும், பின்கள் கிடையாது. பின்கள் வேணும்னா ஒரு இஎஸ்பி32-ஐ வைஃபையில் கோத்துவிட்டால் முடிந்தது.

சென்னைக்காரர்கள் ரிட்சி ஸ்ட்ரீட் போனால் போர்டை நேரில் பார்த்து, நாலு கடை விலை கேட்டு வாங்கலாம். லிஸ்ட்டில் ஜம்பர் வயர், பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் லீவு.